குனியாமல் ஒரு மடக்கு

யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எனக்கு அவர்கள் முகம் தெரியாது, தொண்டைதான் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் வரிசையில் இருப்பவர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேசினால், என் இலையில் இருப்பது எனக்கு இறங்காது. அவர் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஏறி இறங்கினால் விழுங்கிவிட்டார் என்று அர்த்தம். அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும். "இன்னாடி, அந்தாளு முழுங்கறதுக்கு நீ இன்னாத்துக்குக் காவல் காக்குற? உன் சோறு ஆறுது பாரு" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு வேடிக்கை. எனக்கு இது வேலையிடத்தில் வந்து ஒட்டிக்கொண்ட வியாதி.

மரக்காணம் உப்பளங்களுக்கு மேற்கே, படுத்த படுக்கையாகிப் போனவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லத்தில் வேலை செய்கிறேன். ஏழாவதோடு என் படிப்பு நின்றது. அதற்கப்புறம் அம்மாவோடு உப்பளத்தில்தான் கிடந்தேன். கூடை சுமந்து இடுப்பு போனது, வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் கூச ஆரம்பித்தது. இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். துடைக்க, குளிப்பாட்ட, துணி மாற்ற எனக்குப் பயம் கிடையாது. ஊட்டுவதற்குத்தான் பயம். மற்ற வேலையில் தப்பு நடந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம். ஒரு வாய்ச் சோறு வழி மாறிப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

நான் வந்த புதிதில் அங்கே எல்லாரும் நின்றுகொண்டுதான் ஊட்டுவார்கள். சோறு, சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் குழைத்து, ஒரு கரண்டி உள்ளே, உதட்டில் வழிந்ததைக் கரண்டி விளிம்பாலேயே வழித்து மறுபடி உள்ளே. அவசரம்தான் காரணம், யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தருக்கு முடித்தால் அடுத்த கட்டிலில் இன்னொருத்தர் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வந்த நர்ஸ், நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், முதல் வேலையாக ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட வைத்தார். "உக்காருங்கக்கா. நீங்க நின்னா அவங்க உங்களை அண்ணாந்து பாப்பாங்க. அண்ணாந்தா புரையேறும். இன்னா குடுக்குறோம்னு சொல்லிட்டுக் குடுங்க. ஒரு வாய் முழுங்கின அப்புறம் அடுத்த வாய். அவ்ளோதான்." கேட்க சின்ன விஷயம். அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. உட்கார்ந்தால் அவர்கள் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்களுக்குள் ஒரு பேச்சு வழக்கம் இருந்தது. "கடைசிக் கட்டிலுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று ஒருத்தர் கேட்பார், "காட்டிட்டேன்" என்று இன்னொருத்தர் சொல்வார். மாட்டுக்குச் சொல்கிற வார்த்தை அது. மாட்டின் முன்னால் தொட்டியையோ வாளியையோ காட்டினால் அது வேண்டுமானால் குடிக்கும். எங்கள் வீடுகளில் எல்லாம் மாடு இருந்திருக்கிறது, அந்த வாய் இங்கேயும் வந்துவிட்டது. அது தப்பான வார்த்தை என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அந்தப் பெரியவர் வந்து சேரும் வரைக்கும்.

அவரும் உப்பளத்து ஆள்தான். நான் வேலை செய்த பாத்திகளுக்குத் தெற்கே இன்னொரு அளத்தில் பல வருஷம் இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் எல்லாம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். இங்கே நான் எழுதுவது எனக்குப் புரிந்த அளவில்தான். மனைவி இல்லை. ஒரே மகள், இடையஞ்சாவடியில் வாழ்க்கைப்பட்டு ஆரோவில்லில் ஒரு சமையல்கூடத்தில் வேலை செய்கிறாள். வேலைக்குப் போகும்போது அப்பாவைப் பூட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை என்று இங்கே கொண்டுவந்து விட்டாள். விட்டுவிட்டு வாசல் கேட் வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போனாள்.

வந்த முதல் நாளே அவர் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. கூட வேலை செய்கிறவள் கதவருகே நின்று என்னிடம், "புதுசா வந்தவருக்குத் தண்ணி காட்டினியா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கட்டிலில் இருந்து சத்தம்.

"ஏம்மா. நான் இன்னா மாடா?"

அவள் சிரித்துவிட்டாள். "சும்மா பேச்சுக்குச் சொல்றது பெரியவரே."

"மாட்டுக்குத்தான் காட்டுவாங்க. எனக்குக் குடு."

அன்றிலிருந்து அவர் முன்னால் நாங்கள் நாக்கைக் கடித்துக்கொள்வோம். நான் அவரை நைனா என்று கூப்பிட ஆரம்பித்தேன், எங்கள் பக்கத்தில் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி.

டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. தொண்டையில் பாதி செத்துவிட்டது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் சில நேரம் இருமல்கூட வராது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தால் வாய் வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு மூக்கு வழியாக டியூப் போட வேண்டியதுதான். மூன்றாவது கட்டிலில் இருந்தவருக்கு அப்படித்தான் போட்டிருந்தது. பெரியவர் அவரைத் தலையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு அது வாணாம். மூக்கணாங்கயிறு."

அவர் இடது கையால் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தார். "கேட்டியா? வாணாம்னு சொன்னேன்."

"கேட்டேம்ப்பா."

அதற்கப்புறம் அவருக்கு ஊட்டுகிற ஒவ்வொரு வாயிலும் அந்தக் கயிறு எனக்குத் தெரிந்தது. என் கை ஒரு தடவை தவறினால் அது அவர் மூக்கில் ஏறும். வீட்டுக்குப் போனாலும் அதே நினைப்பு. காலையில் கொடுத்த இட்லியில் கட்டி ஏதும் இருந்ததோ, வலது கன்னத்தில் ஒரு துணுக்கு ஒதுங்கிக் கிடந்ததோ, நான் பார்க்காமல் வந்துவிட்டேனோ. பஸ் ஏறின பிறகு இறங்கித் திரும்பிப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்ததும் உண்டு. "உள்ள தங்கம் எதும் வெச்சிருக்கறனா?" என்று கேட்டார் அன்றைக்கு.

சோற்றில் அவர் தொந்தரவு கொடுக்கவில்லை. இடது கையால் மட்டும் சாப்பிட மாட்டார். அந்தக் கையை எதற்கு வைத்திருக்கிறோம் என்று உலகத்துக்கே தெரியும் என்பார். தண்ணீர்தான் பிரச்சினையாயிற்று. தண்ணீரில் ஒரு பவுடரைக் கலந்து கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அப்போதுதான் மெல்ல இறங்கும். முதல் கரண்டியை நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னா இது?"

"தண்ணிதான் நைனா."

"தண்ணின்னா ஓடணும். இத பாத்தியில கட்டினா சாயங்காலத்துக்குள்ள உப்பு பூத்துரும்."

நானும் உப்பளத்துக்காரிதானே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். ஆனால் கூழ்த் தண்ணீரோ, சாதாத் தண்ணீரோ, விழுங்கும்போது முகவாய் நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றார் சிஸ்டர். தலை குனிந்திருந்தால் மூச்சுக்குழாயின் வாசல் ஒடுங்கும். தலை நிமிர்ந்தால் திறந்துகொள்ளும். இதைப் பெரியவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. டம்ளர் கிட்டே வந்தால் தலை தானாகப் பின்னால் சாயும், வாய் வானத்தைப் பார்த்துத் திறக்கும். நான் மெதுவாகப் பின்னந்தலையில் கை வைத்துக் கீழே கொண்டுவந்தால், கழுத்தை மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்வார்.

நாம் எல்லாருமே அப்படித்தானே குடிக்கிறோம். உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்வதுதான் மரியாதை, வாய் வைத்தால் எச்சில். நானே வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். விழுங்க வரவில்லை, மூக்கில் ஏறியது. வீட்டுக்காரர், "யாரு மேல கோவம், தண்ணிய மொறைச்சிக்கினு குடிக்கிற?" என்றார். பெரியவருக்கு எச்சில்தான் அருவருப்பு என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அவருக்கென்று தனி டம்ளர் எடுத்து, அடியில் நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்தேன்.

"இது உனக்கு மட்டும்தான் நைனா. வேற யாரு வாயும் படாது. நீ தாராளமா வாய் வெச்சிக் குடிக்கலாம்."

அந்தப் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எச்சில் இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். வேறு என்ன என்று நான் கேட்கவில்லை. அடுத்த கட்டிலில் இருமுகிற சத்தம் கேட்டு ஓடிவிட்டேன்.

கோடையில் ஒரு மத்தியானம் மகள் வந்திருந்தாள். அப்பா கேட்டார் என்று வீட்டிலிருந்து அவருடைய பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து கட்டிலருகே அலமாரியில் வைத்திருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். அதில் தண்ணீர் நிரப்பி வைத்தது யார் என்று அப்புறம் யாருக்கும் தெரியவில்லை. சொம்பு வெறுமையாக இருக்கக்கூடாது என்று எங்களில் யாரோ கைவாக்கில் நிரப்பியிருக்கலாம். மகள் சிஸ்டரோடு பேச வெளியே போயிருந்தாள். நான் எதிர்க் கட்டிலில் இருந்தவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கும்போது சொம்பு அவர் இடது கையில், முகத்துக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்தது. தண்ணீர் கம்பியாக வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி.

பிறகு சொம்பு விழுந்தது. சத்தம் வரவில்லை அவரிடமிருந்து, அதுதான் என்னைக் கொன்றது. கண் பிதுங்கி, உதடு கருத்துக்கொண்டு வந்தது. நான் பாய்ந்து போய் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கையைக் கொடுத்து, மறு கையால் பிடரியைப் பிடித்து, தலை முழங்காலைத் தொடுகிற அளவுக்கு முன்னால் மடக்கி, முதுகில் அடித்தேன். சிஸ்டர் ஓடிவந்தார். என் கையை நகர்த்திவிட்டு அவரே அடித்தார். ஏதோ ஒரு அடியில் தண்ணீரும் கோழையும் தரையில் கொட்டின, இருமல் வந்தது. அந்த இருமல் சத்தத்தைக் கேட்டு மகள் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவர் வாயைத் துடைக்கத் துண்டை எடுத்தேன். அவர் இடது கையால் துண்டைத் தள்ளினார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, இருமியதால் வந்ததா என்று தெரியாது.

"குனிய வெச்சிட்டியே" என்றார்.

காரணம் மறுநாள்தான் தெரிந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, கரண்டியை எடுக்காமல், "ஏன் நைனா, குனிஞ்சா இன்னா?" என்று கேட்டேன். அவர் வாலிப வயதில் அளத்து முதலாளியின் கொட்டகையில் எங்கள் ஆட்களுக்கு டம்ளர் கிடையாது என்றார். தாகம் எடுத்தால் கொட்டகை வாசலில் போய் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து வருகிறவர்கள் சொம்பை உயரத்தில் பிடித்து ஊற்றுவார்கள். இவர்கள் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, இரண்டு கையையும் வாயோடு சேர்த்துக் குழித்து வாங்கிக் குடிக்க வேண்டும். உப்பு அறுத்த கை. தண்ணீர் பட்டால் வெடிப்பெல்லாம் எரியும். முழங்கை வழியாக ஒழுகி இடுப்புத் துணி நனையும். போதும் என்று சொல்ல வாய் இருக்காது, தலையைத் தூக்கினால்தான் போதும் என்று அர்த்தம். அதற்குள் மூக்கில் ஏறிவிடும்.

"என் கல்யாணத்துக்கு முன்ன அந்தச் சொம்ப வாங்கினேன். வீட்லேர்ந்து தண்ணி எடுத்துனு போவேன். கொட்டகைக்கு நேரா வரப்பு மேல நின்னு, அவங்க பாக்கறப்ப, தூக்கி ஊத்திக்குவேன். தாகம் இல்லாட்டியும் ஊத்திக்குவேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அதுக்கப்பறம் யாரு கிட்டயும் குனிஞ்சி குடிச்சதில்ல."

என் காலத்தில் அளத்தில் தண்ணீர் கேன் வந்துவிட்டது. ஆனால் என் அம்மா வீட்டில்கூடச் சில நேரம் மறந்துபோய்த் தண்ணீருக்கு இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவாள். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கைதான் எனக்குத் தெரிந்தது.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். குனிந்தால்தான் பத்திரம் என்பது அவர் படித்தது, அது சரியும்கூட. மறுநாள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரின் விளிம்பில் ஒரு பக்கம் பிறைநிலா மாதிரி வெட்டி, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்துக் கொண்டுவந்தார். "மூக்கு இடிக்கிறதாலதான் தலை பின்னால போவுது. இதுல மூக்குக்கு வழி இருக்குது. குனிய வாணாம். அண்ணாக்கவும் வாணாம். நேரா என்னைப் பாத்துக்கினே குடிங்க ஐயா. இதுக்கு மேல என்னால எறங்கி வர முடியாது." பெரியவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி கடிச்ச மாதிரி இருக்குது" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவருடைய செத்த வலது கையை டம்ளரில் சுற்றி வைத்து, அதன் அடியில் என் கையைக் கொடுத்துத் தூக்குவேன். தள்ளி நின்று பார்த்தால் அவரே தூக்கிக் குடிப்பது போல இருக்கும். முகம் நேராக. கண் என் கண்ணில். ஒரு மடக்கு. தொண்டை ஏறி இறங்கும். டம்ளரைக் கீழே வைப்போம். குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பார்க்க ஒரு வார்த்தை பேச வைக்க வேண்டும். "சொல்லு நைனா" என்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஏதாவது சொல்வார். சில நாள் அது கெட்ட வார்த்தையாகவும் இருக்கும்.

அப்படி ஒரு காலம் ஓடியது. அது நல்ல காலம் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் நான் ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை. மகள் மீன் குழம்பு கொண்டுவந்தால் முள்ளுக்குப் பயந்து சதையை விரலில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன். "அந்த மீன் கடல்ல ஒரு தரம் செத்துச்சி. உன் கையில ரெண்டாந்தரம் சாவுது" என்பார். மகள் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். குழம்பைத் தனியாக, மீனைத் தனியாக, சோற்றைத் தனியாகக் கொடுப்பேன். எது என்ன என்று நாக்குக்குத் தெரிய வேண்டும் அல்லவா. வாயைத் துடைக்க நான் துண்டை அவர் இடது கையில் கொடுத்துவிடுவேன். துடைப்பதற்கு அந்தக் கை பரவாயில்லையாம்.

மழைக்காலம் வந்து பாத்தியெல்லாம் முழுகிக் கிடந்தபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. இருமலே இல்லை. டாக்டர் முதலிலேயே சொன்னது அதுதான், சத்தமில்லாமல் இறங்கும் என்று. நான் கொடுத்த எந்த மடக்கில் இறங்கியதோ. மூச்சு நெஞ்சில் கொதிக்கிற மாதிரி கேட்டது. சிஸ்டர் ஆம்புலன்சுக்குச் சொன்னார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகளோடு மாற்றி மாற்றி இருக்க நானும் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது டியூப் போட்டாகிவிட்டது. மூக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, குழாயைக் காதோரமாக வளைத்து விட்டிருந்தார்கள். ஒரு தரம் பிடுங்கிவிட்டாராம். அதனால் நல்லாயிருந்த இடது கையைத் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தது. அங்கே இருந்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வார்டில் எத்தனை பேரை அவர்கள் பார்ப்பார்கள். குழாயில் பால் இறங்கும்போது அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் ஒன்றும் படுவதில்லை. உதடு வெடித்து வெள்ளையாக, உப்புப் படிந்த மாதிரி இருந்தது. நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அவர் அதைப் பல்லால் கவ்வி உறிஞ்சப் பார்த்தார். பயந்துபோய் இழுத்துவிட்டேன்.

மகள் வெளியே வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்னா பண்ணட்டும்க்கா? எடுத்துடுங்கன்னு சொன்னா சோறு தண்ணி இல்லாம சாவடிச்ச மாதிரி ஆயிடும். வெச்சிருந்தா..." கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். "மூக்கணாங்கயிறுன்னு சொன்னாரு. என் தலைப்பப் பிடிச்சிக்கினு சொன்னாரு."

"நான் இன்னாம்மா சொல்றது? எனக்கு எதுவும் தெரியாது" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் போய் அவரிடமே கேட்டாள். கட்டை அவிழ்த்துவிட்டு, அந்தக் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, குழாய் இருந்தால் என்ன, எடுத்தால் என்ன ஆகும் என்று மூடி மறைக்காமல் சொல்லி, "வாணாமாப்பா?" என்றாள். அவர் அவள் கையை விட்டுவிட்டு மூக்கைத் தொட்டார். பிடுங்கவில்லை. தொட்டுக் காட்டிவிட்டுக் கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். டாக்டர் இரண்டு தடவை வந்து பேசினார். கடைசியில் மகள் சொன்னபடி எடுத்துவிட்டு, காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் எங்கள் இல்லத்துக்கே அனுப்பினார்கள். மறுபடி காய்ச்சல் வந்தால் மறுபடி டியூப் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது என்று பேச்சு.

சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் அவர் கேட்கிறதை, கேட்கிற நேரத்தில், உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வயிறு நிறைய அல்ல, வாய்க்காக. பவுடர் வேண்டாம் என்றால் வேண்டாம். எப்படியும் நெஞ்சுக்குள் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

"அப்ப என் கையாலயே போயிடுவாரு சிஸ்டர்."

"நோயால போவாருக்கா. உங்க கையால தண்ணி குடிப்பாரு."

அவர் சொன்னது ஆறுதலுக்கு. எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு என்னால் முடியாது, வேறு யாரையாவது விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அப்புறம் மற்றவர்கள் எப்படி ஊட்டுவார்கள் என்று நினைத்து அதற்கும் பயந்து நானே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தலையணைகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து நேராக உட்கார வைத்தேன். வெட்டின டம்ளரில் வெறும் தண்ணீர். பானையில் இருந்து எடுத்தது. அவர் கையைச் சுற்றி வைத்து அடியில் என் கையைக் கொடுத்தேன்.

நாக்கில் பட்டதும் கண்ணை மூடினார். உடனே விழுங்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஏறி இறங்கியது.

"சொல்லு நைனா."

"ஓடுது" என்றார். தண்ணீரைச் சொன்னார்.

அப்படி ஒவ்வொரு நாளும் ஒரு சில மடக்கு. ரசம் நாலு கரண்டி. மகள் கொண்டுவந்த குழம்பில் நாக்கு நனைய. கடைசியில் அதுவும் வேண்டாம் என்று தலையை அசைத்தார். வாயை மூடிக்கொண்ட பிறகு நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. பஞ்சில் உதட்டை நனைப்பதோடு சரி. அவர் போனது ஒரு காலை வேளையில். நான் அடுத்த அறையில் இன்னொருத்தருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டார்கள், ஆனால் வாயில் இட்லியோடு அவரை விட்டுவிட்டு ஓட முடியாது. அவர் விழுங்கி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

அவர்கள் ஊரிலேயே அடக்கம். தெருவை அடைத்துப் பந்தல். பெஞ்சில் படுக்க வைத்து, தலைக்கட்டுக் கட்டி, முகவாயை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பறைச் சத்தம். எடுப்பதற்கு முன்னால் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "நீயும் போடுக்கா. கடைசி வரைக்கும் நீதான போட்ட" என்று தட்டில் இருந்து ஒரு பிடி அரிசியை என் கையில் வைத்தாள்.

வரிசை வேகமாக நகர்ந்தது. ஒவ்வொருத்தரும் நின்றபடியே உயரத்தில் இருந்து வாயின் மேல் அரிசியைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தர் போட்டது உதட்டில் இருக்கும்போதே அடுத்தவர் போட்டார். சிதறி மூக்கிலும் கன்னத்திலும் விழுந்தது. இரு, இரு, இன்னும் முழுங்கலை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. செத்தவருக்கு என்று தெரியும். இருந்தாலும் வந்துவிட்டது.

என் முறை வந்ததும் பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். அவர் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. மூக்கின் மேல் இருந்த அரிசியை எடுத்தேன். பிடியில் இருந்ததில் நாலைந்து மணியை மட்டும் இடது ஓரத்தில், அவருக்கு உணர்வு இருந்த பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டுத் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் நின்ற ஆள் என் தோளைத் தட்டினார்.

"ஏம்மா, எந்திரி. வெயில் ஏறுது. இன்னும் எத்தினி பேரு போடணும்."